ஆழம் தெரியாம பில் போடாதே

"ஏரி நிரம்பியது, விவசாயிகள் மகிழ்ச்சி" என்று செய்தி வந்தால் பட்டணத்தில் இருக்கிற நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி. நிரம்பியது எது? தண்ணீரா, சேறா?

ஏரியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நிக்குதுங்கறது ஒரு கணக்கு. அதுக்குப் பேர் மட்டம். தண்ணிக்கு அடியில தரை எங்க இருக்குங்கறது இன்னொரு கணக்கு. மேல் மட்டத்தில இருந்து தரை வரைக்கும் இருக்கிறதுதான் ஆழம். நம்ம ஊரில மட்டத்தை மட்டும்தான் தினம் எழுதறாங்க. சென்னைக்குத் தண்ணி அனுப்பற வீராணம் 47.50 அடின்னு பேப்பர்ல வரும். அதைப் படிச்சிட்டு நாலு மாடி ஆழம்னு நினைக்காதீங்க. அது கடல் மட்டத்தில இருந்து எடுத்த கணக்கு. 1934ல் கட்டி முடிச்ச மேட்டூருக்கு 93.47 டிஎம்சின்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க. இத்தனை வருஷமா காவிரி அடிச்சிட்டு வந்த வண்டல் எல்லாம் எங்க போய் உட்கார்ந்திருக்கும்? அணையோட அடியிலதான். மேல இருக்கிற கோடு அப்படியே இருக்கு, கீழே இருக்கிற தரை ஏறிக்கிட்டே வருது. கோட்டைப் பார்த்துக் கைதட்டறோம்.

பெரிய அணைக்கே அந்தக் கதி. தமிழ்நாட்டில சுமார் 39,000 ஏரி, கண்மாய் இருக்குன்னு அரசாங்கமே சொல்லுது. அதுல எத்தனை ஏரிக்கு இன்னைய தேதிக்கு உண்மையான ஆழக் கணக்கு இருக்கு? உங்க ஊர் ஏரிக்கு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. எங்க ஊர் ஏரிக்கு இல்லை. இல்லாமலேதான் தூர் வாரினதா பலகை வெச்சாங்க.

2017ல் குடிமராமத்துன்னு பழைய பேரை அரசு மறுபடி எடுத்துச்சு. பேர் நல்ல பேர். அதுக்கு முன்னாடியும் திட்டம் வந்தது, பின்னாடியும் வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் பொக்லைன் வருது, கரையோரம் ரெண்டு நாள் உறுமுது, போட்டோ எடுக்கறாங்க, போயிடறாங்க. நான் எந்தக் கட்சியையும் குறை சொல்ல உட்காரலை. அளக்காம வெட்டறதையும், வெட்டாம பில் போடறதையும்தான் சொல்றேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. பள்ளிக்கூடக் கணக்குதான், நான் படிச்ச பத்தாம் வகுப்பே போதும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நூறு ஏக்கர் ஏரியில ஒரே ஒரு அடி தூர் எடுத்தா 43,56,000 கன அடி மண். மூணு யூனிட் பிடிக்கிற டிப்பர்ல 300 கன அடி போகும். அப்போ 14,520 லோடு. ஒரு நாளைக்கு நூறு லோடு போனாக்கூட அஞ்சு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவா ஆகும். எங்க ஏரிக்கு வந்தது ஒரு பொக்லைன், நாலு டிப்பர், பதினோரு நாள். பலகையில எழுதினது "ஏரி முழுவதும் தூர்வாரப்பட்டது". நான் டீக்கடையில உட்கார்ந்து எண்ணினவன். என்கிட்ட அந்தக் கதை வேண்டாம்.

அந்த ஒரு அடி தண்ணி எதுக்கு ஆகும்னு கேட்பீங்க. ஒரு ஏக்கர் நெல்லுக்கு நட்டதில இருந்து அறுக்கற வரைக்கும் ஏறக்குறைய நாலு அடி உயரத் தண்ணி வேணும், மழையையும் சேர்த்து. நூறு ஏக்கர் ஏரியில ஒரு அடி சேறு இருந்தா, இருபத்தஞ்சு ஏக்கரோட ஒரு போகத் தண்ணி அங்க இல்லைன்னு அர்த்தம். எங்க ஆயக்கட்டுல கடைமடைக்காரன் ஒவ்வொருத்தனும் ஒண்ணரை ஏக்கர், ரெண்டு ஏக்கர்க்காரன். பத்துப் பதினஞ்சு குடும்பம் நவரைப் பட்டம் வைக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது அந்த ஒரு அடிதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாங்க சத்தம் போட்டதுல ஒரு வருஷம் ஆழம் அளக்க ஆள் வந்தாங்க. எந்த ஆபீஸ்னு சொல்ல வேண்டாம். மிதவைப் படகு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ரெண்டு நீளக் குழாய், மேலே பலகை. இதைத்தான் பாண்டூன் படகுன்னு சொல்றாங்க. பின்னாடி மோட்டார். மோட்டாருக்கு ஒரு முழம் தள்ளி கருவியோட உணரியை, அதாவது டிரான்ஸ்டியூசரை, ஒரு கயித்துல கட்டித் தண்ணியில விட்டிருந்தாங்க. கயித்துல. படகு போகப் போக அது பின்னாலே இழுபட்டுச் சாய்ஞ்சுக்கிட்டே போகுது.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "சார், இது தண்ணிக்குள்ள எத்தனை அடியில இருக்கு? அதைக் குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க பெரியவரே, மிஷினே பார்த்துக்கும்" என்றார் அந்தத் தம்பி.

மிஷின் பார்த்துக்காது. அதைத்தான் நீங்க புரிஞ்சுக்கணும்னு இதை எழுதறேன்.

இந்த ஆழம் காட்டும் கருவி செய்யறது ஒரே வேலை. டிரான்ஸ்டியூசர் தண்ணிக்குள்ள ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். நம்ம காதுக்குக் கேக்காது. அது தரையில பட்டுத் திரும்பி வரும். தண்ணியில சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும், காத்துல ஓடறதைப் போல நாலு மடங்குக்கும் மேல. போய் வந்த நேரத்தை வெச்சு ஆழத்தைக் கணக்குப் போடுது. அவ்வளவுதான். கடலூர்ல விசைப்படகு வெச்சிருக்கிறவங்க ரொம்ப நாளா இதை உபயோகிக்கிறாங்க. மீன் கூட்டம், பாறை, ஆழம் எல்லாம் அதுலதான் பார்ப்பாங்க.

அப்படின்னா, அது எங்கிருந்து அளக்குது? தண்ணி மேல்மட்டத்துல இருந்து இல்லை. டிரான்ஸ்டியூசர் முகத்துல இருந்து. அது தண்ணிக்குள்ள ஒரு அடி இறங்கி இருந்தா, திரையில வர்ற எண்ணோட ஒரு அடியைக் கூட்டணும். கருவியிலேயே அந்தக் கூட்டலைப் போட்டு வைக்க ஒரு இடம் இருக்கு. போட்டாலும் போடலாம், விட்டாலும் விடலாம்.

இங்கதான் திருட்டுக்கு வழி. வேலைக்கு முன்னாடி அளக்கும்போது அந்த ஒரு அடியைச் சேர்க்காதே. வேலை முடிஞ்ச பிறகு அளக்கும்போது சேர்த்துக்கோ. மண்வெட்டி படாமலே ஏரி முழுக்க ஒரு அடி தூர் வாரியாச்சு! நூறு ஏக்கருக்கு 43 லட்சம் கன அடி காகிதத்துல வெட்டியாச்சு. எங்க ஊருல அப்படிப் பண்ணினாங்கன்னு நான் சொல்லலை. பண்ணினா உங்களுக்கும் எனக்கும் தெரியாதுன்னுதான் சொல்றேன். மாட்டின உயரத்தைக் குறிக்காத அளவை அளவே இல்லை. அதைக் கேட்டா "உங்களுக்கு எதுக்கு"ன்னா, எங்களுக்குத்தான்யா அது, வேற யாருக்கு?

அதனால நாங்களே அளந்தோம். என் தங்கச்சி மகன் ஒரு சின்னக் கருவி வாங்கி அனுப்பினான். கையடக்கத் திரை, ஒரு டிரான்ஸ்டியூசர், கொஞ்சம் வயர். எப்படி மாட்டினோம்னு விவரமா சொல்றேன். உங்க சொந்த ஊர்லயும் செய்யணும்.

மிதவை: 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் பேரல் நாலு. ரெண்டு ரெண்டா வரிசை வெச்சு, மேலே சவுக்குக் கழியால சட்டம் கட்டி, பலகை போட்டோம். எங்க பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை. ரெண்டு ஆள் உட்கார்ந்தா பேரல் முக்கால் அடிகூட முங்கலை. மோட்டார் கிடையாது. மூங்கில் கழியால தள்ளறதுதான், ஆழத்துல துடுப்பு. மோட்டார் இல்லாதது பெரிய சௌகரியம், ஏன்னு கீழே சொல்றேன்.

மாட்டற இடம்: நடு மையம். ரெண்டு வரிசை பேரலுக்கு நடுவுல, பலகையில ஒரு இடைவெளி விட்டு, ஒரு அங்குல ஜிஐ பைப்பை நேர்க்குத்தா இறக்கிக் கிளாம்ப் போட்டோம். பைப்போட அடியில டிரான்ஸ்டியூசர். ஓரத்துல மாட்டினா ஆள் அசையும்போது மேலயும் கீழயும் ஆடும். நடுவுல ஆட்டம் குறைவு. தண்ணி மட்டத்துல இருந்து சரியா ஒரு அடி கீழே, அதாவது பேரலோட அடிவயித்துக்கும் கீழே. பேரலுக்கு மேல இருந்தா சத்தம் பேரல்லயே பட்டுத் திரும்பி வந்து பொய் எண் காட்டும்.

குமிழி: சத்தத்துக்குக் காத்துதான் எதிரி. தண்ணியில காத்துக் குமிழி இருந்தா சத்தம் அதைத் தாண்டாது. மோட்டார் விசிறி சுத்தற இடத்துல தண்ணி முழுக்க நுரை. அதுகிட்ட மாட்டினா எண் தாவும், இல்லன்னா வெறும் கோடு போடும். மோட்டார் படகா இருந்தா பின்பக்கம் ஒரு ஓரமா, விசிறிக்கு நல்லா விலகி, மிதவைக் குழாயோட அடிமட்டத்துக்குக் கீழே, தண்ணி அமைதியா ஓடற இடத்துல மாட்டணும். கடலூர்ல படகு வெச்சிருக்கிற எங்க பழக்கக்காரர் போன்ல சொன்னது: "அண்ணே, விசிறிகிட்ட மட்டும் கட்டிடாதீங்க. அப்புறம் ஏரியில திமிங்கலம் இருக்குன்னு காட்டும்." காய்ஞ்ச டிரான்ஸ்டியூசரை அப்படியே தண்ணியில விட்டாலும் முகத்துல பொடிக் குமிழி ஒட்டிக்கும். கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டுத் தேச்சு இறக்கினா போதும்.

மட்டம்: முகம் நேரா கீழே பார்க்கணும். சாய்ஞ்சா சத்தம் குறுக்கே போகும், பாதை நீளும், இல்லாத ஆழத்தைக் காட்டும். கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி பைப்புல வெச்சுப் பார்த்தோம். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு பார்க்கணும், ஏறறதுக்கு முன்னாடி பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

கரண்டு: மருந்தடிக்கிற ஸ்பிரேயர் பேட்டரி, 12 வோல்ட். அதுவே நாள் முழுக்க ஓடிச்சு.

சோதனை: இதுதான் முக்கியம். ஒரு இரும்புத் தகட்டைக் கயித்துல கட்டி, தண்ணி மட்டத்துல இருந்து அஞ்சு அடியில டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே தொங்க விடணும். திரையில நாலு அடின்னு வரணும், மாட்டின ஒரு அடியைக் கூட்டினா அஞ்சு. அப்புறம் எட்டு அடியில விட்டுப் பார்க்கணும். ரெண்டும் சரியா வந்தா கருவியும் சரி, மாட்டினதும் சரி. இதை ஊர் முன்னாடி, கரையில நாலு பேர் பார்க்க, காலையில ஒரு தரம், முடிச்ச பிறகு ஒரு தரம் செஞ்சோம். நோட்டுல எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம்.

இப்ப "ஆனா"ன்னு ஆரம்பிக்கறவங்களுக்கு வர்றேன்.

"கழி விட்டுப் பார்த்தா ஆழம் தெரியாதா?" தெரியும், அதையும் செஞ்சோம். ஆனா கழி சேத்துல இறங்கிக் கெட்டித் தரையில போய்த்தான் நிக்கும். கருவி சேத்தோட மேல்பக்கத்தைக் காட்டும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதானே தூர்! மதகுக்கு முன்னாடி கருவி ஏழே முக்கால் அடி காட்டின இடத்துல இரும்புக் கம்பி பத்து அடிக்கு இறங்கிச்சு. ரெண்டே கால் அடி சேறு. "ஏரி முழுவதும் தூர்வாரப்பட்டது". ரெண்டு அடிக்குக் குறைஞ்ச தண்ணியில எங்க கருவி தடுமாறும், அங்க கழி மட்டும் போதும். பாசி மண்டிக் கிடக்கற இடத்துல பாசியோட தலையைத் தரைன்னு சொல்லும். அங்கயும் கழிதான். ஒண்ணு இன்னொண்ணுக்குச் சாட்சி.

"வெயில்ல வத்தின பிறகு பார்த்துக்கலாமே?" வத்தின ஏரியில நூறு ஏக்கரையும் லெவல் மிஷின் வெச்சு எடுக்க எத்தனை நாள், எத்தனை ஆள்? தண்ணி நிக்கும்போது தண்ணியே ரசமட்டம். ஏரி முழுக்க ஒரே மட்டம், கடவுள் போட்டுக் கொடுத்தது. அன்னைக்குக் கலங்கலுக்கு எத்தனை அங்குலம் கீழே தண்ணி நிக்குதுன்னு மட்டும் குறிச்சுக்கிட்டா, எல்லா இடத்துத் தரையும் கலங்கலுக்கு எவ்வளவு கீழே இருக்குன்னு தெரிஞ்சிடும். அடுத்த வருஷம் தண்ணி எந்த மட்டத்துல நின்னாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"இது இன்ஜினியர் வேலை, விவசாயிக்கு என்ன தெரியும்?" நல்ல இன்ஜினியர்கிட்ட இதைக் காட்டுங்க, சந்தோஷப்படுவார். கம்பெனிக்காரங்களும் துறைக்காரங்களும் இதைவிட நல்ல கருவி வெச்சிருக்காங்க, மறுக்கலை. எங்க அளவை அவங்க அளவைக்குப் பதில் இல்லை. அவங்க அளவை சரியான்னு பார்க்க நம்மகிட்ட ஒரு அளவை வேணும். தராசு கடைக்காரன்கிட்ட இருக்கலாம். முள்ளை நாமதானே பார்க்கணும்?

இன்னொண்ணு, இதுதான் என்னைத் தூங்க விடாதது. கிழக்கு மூலையில, கரையில இருந்து அறுபது அடி தூரத்துல, நாலு அடி, நாலரை அடின்னு வந்துக்கிட்டிருந்த எண் திடீர்னு பதினேழுக்கு இறங்கிச்சு. ரெண்டாவது தரம் போய்ப் பார்த்தோம், பதினேழுதான். கிணறு மாதிரி குழி. அது தூர் எடுத்த இடம் இல்லை, சரளை எடுத்த இடம். மேல சேத்தைத் தொடலை, கீழே காசாகற மண்ணை மட்டும் தோண்டி இருக்காங்க. அந்தக் குழித் தண்ணி மதகுக்கு ஏறி வராது, ஒரு சென்ட் பாயாது. ஆனா அந்தப் பக்கம்தான் லீவு நாள்ல பசங்க குளிக்கிறது. இடுப்பளவு தண்ணின்னு நம்பி ரெண்டு எட்டு வெச்சா பதினேழு அடி. ஒவ்வொரு கோடையிலயும் ஏரிக்குழியில மூழ்கின பிள்ளைங்க செய்தி பேப்பர்ல வருது. படிச்சிட்டு "பாவம், நீச்சல் தெரியலை"ன்னு சொல்றோம். நீச்சல் தெரியாதது பிள்ளை குத்தமாம், குழியை யார் வெட்டினதுன்னு கேள்வி இல்லையாம். நாங்க அங்க நாலு பக்கமும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிட்டோம். வெட்டினவன் கட்டணும், நாங்க கட்டியிருக்கோம்.

எங்களுக்கு வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லை.

ஒண்ணு: வேலைக்கு முன்னாடி ஒரு அளவை, பின்னாடி ஒரு அளவை. ரெண்டும் ஊர் முன்னாடி. டிரான்ஸ்டியூசர் எங்க மாட்டினாங்க, தண்ணிக்குள்ள எத்தனை அங்குலம், தகடு சோதனையில என்ன வந்தது, கலங்கலுக்கு எவ்வளவு கீழே தண்ணி நின்னது, இந்த நாலும் அளவைத் தாளோட முதல் வரியில இருக்கணும். இந்த நாலு இல்லாத தாளுக்கு ஒரு ரூபாய் பில் பாஸ் ஆகக் கூடாது.

ரெண்டு: அந்தத் தாளை கிராமசபையில வாசிக்கணும். மழை முடிஞ்சு ஏரி நிறைஞ்சிருக்கிற ஜனவரி 26க்கு ஒரு தரம், வேலை முடிஞ்சு அடுத்த மழைக்கு நிறைஞ்ச பிறகு இன்னொரு தரம். எம்-புக்கில எழுதினது எங்களுக்குப் புரியற தமிழ்ல சுவத்துல ஒட்டணும். கொடுக்கலைன்னா 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, பத்து ரூபாய் மனு போதும்.

மூணு: வெட்டற இடத்தையும் ஊர் சொல்லணும். சேறு எங்க இருக்கோ அங்க வெட்டு. சரளை எங்க இருக்கோ அங்க இல்லை.

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஊருக்கு வந்து கரையில நின்னு செல்ஃபி எடுத்து "நீரின்றி அமையாது"ன்னு போடறீங்க, சந்தோஷம். ஆயிரக்கணக்குல கொடுத்து மரக்கன்று வாங்கித் தர்றீங்க, அதுவும் சந்தோஷம். அடுத்த பொங்கலுக்கு வரும்போது அந்தக் காசுல ஒரு டிரான்ஸ்டியூசர் வாங்கிக்கிட்டு வாங்க. பேரலும் சவுக்கும் ஊர்ல கிடைக்கும், கழி தள்ள நான் வர்றேன். உங்க தாத்தா பாஞ்ச ஏரி இப்ப எத்தனை அடின்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைங்க, அந்த எண்ணையெல்லாம் ஒரு வரைபடமா போட்டுக் கொடுங்க. அதை எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீஸ் படி ஏறறது எங்க வேலை.

ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சொன்னாங்க. இப்ப காலை விடறவன் நாங்க, பில் போடறவன் வேற. அதனால ஆழத்தை நாங்கதான் அளக்கணும்.